முதல் ஞாயிறோடு முடித்துவிட்டார்கள்

அன்று மாலை குசினியில் இருந்தவர்களைச் சொல்கிறேன். என் தங்கச்சி மலர். மண்டபத்தில் இருந்து வந்தவள், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். அவள் புருசன் சிறி. ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றான். யோகராசா அண்ணை. ஆக்லாந்தில் தமிழர் தேர்தல் எது நடந்தாலும் ஏதோ ஒரு பக்கத்தில் அவர் இருப்பாராம். செந்தில். திருச்சிப் பொடியன், நகர மையத்தில் கம்ப்யூட்டர் வேலை, மடியில் எப்போதும் ஒரு லேப்டாப். பாமா. மலரோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். ஆறாவது ஆள் நான். மலரின் அக்கா. சமைக்க வந்தவள்.

அடுப்பில் ஆட்டுக்கறி இருந்தது. ஒருவரும் தொடவில்லை.

"முடிஞ்சுது" என்றார் யோகராசா அண்ணை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று கூட்டத்தில் ஒன்றுதான் முடிந்திருந்தது.

எனக்கு வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சோற்றுக்கடை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மலர் போன் எடுத்தாள். "அக்கா, தலைவருக்கு நிக்கிறன். வீட்டில ஒரே சனம். நான் வேலைக்கும் போகவேணும். வந்து ஒரு மாசம் சமைச்சுத் தாவன்" என்றாள். கடையைப் பூட்டிவிட்டு வந்தேன். நாடு பார்க்க வரவில்லை. ஆனாலும் கண் இருக்கிறதே, பார்த்தேன்.

இங்கே தமிழ்ச் சங்கங்கள் பல. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கூட்டமைப்பு. அதன் தலைவர் பதவிக்கு இரண்டு அணிகள் மோதும். ஒவ்வோர் அணியும் தன் ஆளைத் தானே முதலில் வாக்குப் போட்டுத் தெரிவு செய்ய வேண்டும். எங்கள் அணிக்கு மூன்று ஞாயிறு, மூன்று இடம். நியூ லின், பிறகு மவுண்ட் வெல்லிங்டன், கடைசியாக நகர மையம். ஓர் ஆள் இந்த மூன்றில் எங்கேயாவது ஒரு தரம் வாக்குப் போடலாம். மூன்றையும் கூட்டிப் பார்த்து யாருக்கு அதிகமோ அவர்தான் அணியின் ஆள். இந்த முறையைக் கொண்டுவந்தவன் செந்தில்.

"அமெரிக்காவுல இப்படித்தான்க்கா. முதல்ல கட்சிக்குள்ள ஓட்டு. அப்புறம்தான் வெளிய" என்று வந்த அன்றே எனக்கு விளக்கினான்.

நின்றவர்கள் இருவர். ஒன்று மலர். மற்றது வரதன், வீடு விற்றுக் கொடுக்கிற ஆள். தெருவோரப் பலகைகளில் அவன் படம் சிரித்துக்கொண்டு நிற்கும். மலர்தான் வருவாள் என்று கண்டவர் எல்லாம் சொன்னார்கள். வரதனின் மனுசியே கடையில் வைத்து அப்படிச் சொன்னதாகக் கேள்வி.

மலருக்கு வேண்டியது ஒன்றுதான். கூட்டமைப்புக்குச் சொந்தமாக ஒரு மண்டபம் இருக்கிறது. முன்பு புதன்கிழமைகளில் வயது போன சனத்துக்கு அங்கே மத்தியானச் சாப்பாடு நடந்தது. பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவர்கள் வந்து சாப்பிட்டு, தாயம் விளையாடி, நாலு வார்த்தை கதைத்துவிட்டுப் போவார்கள். சினிமாப் பாட்டு நிகழ்ச்சிக்கு ஆடிப் பழக இடம் வேண்டும் என்று அதை நிறுத்திவிட்டார்கள். அதைத் திரும்பத் திறப்பேன் என்றுதான் மலர் நின்றாள். வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை.

நியூ லின்னில் வரதனுக்கு எண்பத்து மூன்று. மலருக்கு ஐம்பத்திரண்டு.

அதற்குத்தான் இந்தச் செத்த வீடு.

"அமெரிக்காவுல முதல் மாநிலத்துல முன்னாடி நிக்கிறவர் சறுக்கிட்டா அவ்ளோதான்க்கா. அடுத்தடுத்து சரிஞ்சிட்டே போகும். காத்து மாறிடும்" என்றான் செந்தில்.

"காத்து மாறினால் சோறு தின்னப்படாதோ?" என்றேன்.

அவன் லேப்டாப்பைப் பார்த்தான்.

யோகராசா அண்ணை மலர் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ மேடையில வைச்சு, நான் பீ அள்ளுறவள் எண்டு சொல்லியிருக்கப்படாது."

"அள்ளுறன்தானே அண்ணை."

"அள்ளு. ஆர் வேண்டாம் எண்டது? அதைத் தலைவர் வேட்பாளர் மைக்கில சொல்லுறதோ?"

"அவ அதைச் சொல்லேக்கைதான் சனம் கை தட்டினது" என்றாள் பாமா.

"தட்டின கை வாக்குப் போடேல்லையே. பின்வரிசை பாத்தனியளோ? வெறுமை. கரவெட்டி ஆக்கள் ஒருத்தரும் வரேல்லை. நாற்பது, ஐம்பது வாக்கு. அவை வரதனோட போயிட்டினம்."

"வரதனோட போயிருந்தால் வந்து அவருக்குப் போட்டிருப்பினமே. வராமல் ஏன் நிக்கினம்?"

"மலரின்ர முகத்தில முழிக்க வெக்கம்."

சிறி, வரதன் கோட் போட்டு வந்ததையும் மலர் வேலைக் காற்சட்டையோடு வந்ததையும் சொன்னான். வேலை முடிந்த கையோடு ஓடி வந்தவள் வேறு எதைப் போட்டுக்கொண்டு வருவாள்? புருசன்காரன் கேட்கிற கேள்வியா இது?

வெள்ளிக்கிழமை கூடி முடிவெடுப்போம் என்று எழுந்தார்கள். என்ன முடிவு என்று நான் கேட்டேன். போகும்போது கறியை டப்பாவில் போட்டுக்கொண்டு போனார்கள். அதை மறக்கவில்லை.

திங்கட்கிழமை மழை. இங்கே மழை நின்று பெய்யாது. ஐந்து நிமிடம் பெய்யும், வெயில் அடிக்கும், திரும்பப் பெய்யும். குடை பிடிக்கிற ஆட்களைக் காணோம். தலைப்பாகை மாதிரி சட்டையின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.

நியூ லின்னில் மீன் வாங்கப் போனேன். ஸ்னாப்பர் என்று ஒரு மீன். நம் விளைமீன் மாதிரி, உடம்பு இளஞ்சிவப்பு. உடம்பைச் சதையாக வெட்டித் தோலையும் உரித்து விற்கிறார்கள். தலையைத் தனியே ஒரு மூலையில் குவித்து வைத்திருக்கிறார்கள், கேட்டால் அற்ப விலை. மீனில் தின்னவேண்டிய இடமே தலைதான். எனக்கு முன்னால் நின்ற தொங்கா நாட்டு மனுசி ஒரு பை நிறைய வாங்கினாள். என்னைப் பார்த்து, "இவர்களுக்குத் தெரியாது, சொல்லிவிடாதே" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள். அவ்வளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும். அந்த நாட்டில் எனக்கு முதலில் பிடித்த ஆள் அவள்தான்.

வீட்டுக்கு வந்தால் போன் ஓயவில்லை. மலர் வேலையில். அவளுடைய போனுக்குப் போகாதது எல்லாம் சிறியின் போனுக்கு வந்தது. வாட்ஸப்பில் செய்தி மேல் செய்தி. மலர் அழுதாளாம். மலருக்கு நெஞ்சுவலியாம். மலர் ஊருக்குப் போகப் போகிறாளாம். ஒருவர், மலர் நல்ல பிள்ளை, ஆனால் தலைவர் வேலைக்கு ஆள் போதாது என்று எழுதியிருந்தார். அவர் போன கிழமை எங்கள் வீட்டில் இடியப்பமும் சொதியும் தின்றவர். பதினாறு இடியப்பம். சிறி அவற்றை எல்லாம் வாய்விட்டு வாசித்தான்.

"வாசியாமல் விடன்" என்றேன்.

"நிலைமை தெரியவேணுமெல்லே மச்சாள்."

"நிலைமையை உண்டாக்கிறதே உது வாசிக்கிற ஆக்கள்தான்."

அவனுக்கு என்னோடு கோபம். எனக்கும் அவனோடு.

எங்கள் பக்கத்தில் பிரதேச சபைத் தேர்தல் நடந்தால் வாக்கு எண்ணும் இடத்தில் விடிய விடிய நிற்பார்கள். முதல் பெட்டியில் பின்னால் நின்றவன் கடைசிப் பெட்டியில் முன்னால் வந்த கதை எத்தனையோ பார்த்திருக்கிறேன். கடைசிப் பெட்டி உடையும் மட்டும் எவனும் அழமாட்டான். அடிபடுவான், கல்லெறிவான், அழமாட்டான். இங்கே எல்லோரும் படித்தவர்கள், கார் இரண்டு, வீடு ஒன்று. முதல் பெட்டியோடு படுத்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மலர் என்னைத் தன் வேலையிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒருவருக்குப் பிறந்தநாள், வெளியாட்கள் வரலாம் என்றாள். பஸ்ஸில் ஏறும்போது டிரைவருக்கு வணக்கம், இறங்கும்போது நன்றி. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். வவுனியாவில் கொண்டக்டருக்கு நன்றி சொன்னால் மிச்சக் காசு கேட்கிறாய் என்று நினைப்பான்.

முதியோர் இல்லம் துப்புரவு. நாற்றம் இல்லை. ஒவ்வொரு கதவிலும் பெயரும் படமும். ஒரு வெள்ளைக்காரக் கிழவி மலரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "நேற்று நீ வரவில்லையே, நான் சாப்பிடவில்லை" என்றாள். மலர் நேற்றும் வந்தவள். "மன்னியுங்கள், இன்று சேர்த்துச் சாப்பிடுவோம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கேக்கை ஊட்டினாள்.

கடைசி அறையில் பெயரும் படமும் இல்லை. "கனகசபை ஐயா இருந்த அறை" என்றாள் பாமா. எனக்குத் தெரியும். நான் வந்து இறங்கிய கிழமை அவர் செத்தார். கரவெட்டி ஆட்கள் என்று யோகராசா அண்ணை சொன்னாரே, அந்தப் பெரிய குடும்பத்தின் மூத்தவர். அவர்கள் வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று நான்தான் சோறும் மரக்கறியும் சமைத்துக் கொடுத்துவிட்டேன். யோகராசா அண்ணை தலைமையில் எல்லோரும் செத்த வீட்டுக்குப் போய் வந்தார்கள். கடைசி எட்டு மாதமும் ஐயாவைக் குளிப்பாட்டியது மலர். அவருக்கு ஆங்கிலம் மறந்துபோய்த் தமிழ் மட்டும் மிஞ்சியிருந்ததாம். புதன்கிழமைச் சாப்பாட்டை நிறுத்தியது தெரியாமல் ஒவ்வொரு புதனும் வேட்டி கட்டிக்கொண்டு காத்திருப்பாராம்.

"அந்த ஆக்களோ வரதனோட போனவை?" என்று பாமாவிடம் கேட்டேன்.

"எனக்கெண்டால் விளங்கேல்லை அக்கா."

எனக்கும் விளங்கவில்லை. கோபம்தான் வந்தது. தகப்பனைக் கழுவித் துடைத்தவளை விட்டுவிட்டு எவனோ பலகையில் சிரிக்கிறவனோடு போய்விட்டார்களே என்று அன்று பகல் முழுக்க அவர்களைத் திட்டினேன். மனதுக்குள்தான்.

புதன்கிழமை மவுண்ட் வெல்லிங்டனுக்குப் போனேன். அங்கே ஒரு தமிழ்க் கடையில் வாழையிலையும் முருங்கைக்காயும் கிடைக்கும். இரண்டாம் கூட்டம் அந்தப் பகுதிப் பள்ளிக்கூட மண்டபத்தில். வருகிறவர்களுக்கு இலையில் சோறு போடவேண்டும் என்று மலர் சொல்லியிருந்தாள். நகர மையத்தில் ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தேன். முருங்கைக்காய் உறைந்து கட்டையாக இருந்தது. ஊரில் வேலியால் எட்டிப் பறிக்கிற சாமானைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

காசு வாங்குகிற இடத்தில் இருந்த பெண் என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கள் மலரக்கான்ர அக்கா எல்லே? எங்கட வீட்டுக்குச் சோறு குடுத்துவிட்டனீங்கள். நான் சுகந்தி. கனகசபை ஐயான்ர பேத்தி."

நான் சிரிக்கவில்லை. "ஓம்" என்றேன். பிறகு கேட்டுவிட்டேன். "ஞாயிற்றுக்கிழமை ஏன் ஒருத்தரும் வரேல்லை? மலர் உங்களுக்கு என்ன குறை வைச்சவள்?"

அவள் வாயைப் பிளந்தாள். "என்ன அக்கா கதைக்கிறியள்? நாங்கள் எப்பிடி வாறது? எங்களுக்குத் துடக்கெல்லே. கூட்டம் வைச்சது கோயில் மண்டபத்தில."

கையில் இருந்த முருங்கைக்காயைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

செத்த வீட்டுத் துடக்கு. முப்பத்தோராம் நாள் கழியும்மட்டும் கோயில் வளவுக்குள் கால் வைப்பதில்லை. அண்ணன் தம்பி பகுதி முழுவதற்கும் அது உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? யோகராசா அண்ணைக்குத் தெரியாதா? கோயில் மண்டபம்தான் வேண்டும், சாமி பார்த்துக்கொண்டிருக்கும், வரதன் ஆட்கள் கள்ள வாக்குப் போட மாட்டார்கள் என்று பிடிவாதமாக நின்று அந்த இடத்தை எடுத்தவரே அவர்தான். செத்த வீட்டில் முன் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்ததும் அவர்தான். வெளிநாட்டுக்கு வந்து ஆளையாள் துடக்குப் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தார்களோ, ஒன்றையுமே நினைக்கவில்லையோ.

"செத்த வீட்டுக்காரரிட்ட ஆரும் வாக்குக் கேட்டு வரமாட்டினம்தானே. அதால ஒருத்தரும் எடுத்துக் கேக்கவும் இல்லை. நாங்களும் சொல்லேல்லை" என்றாள் சுகந்தி. "வாற ஞாயிறு இஞ்ச பள்ளிக்கூடத்தில எல்லே? அங்கை வருவம். சின்னையா, அப்பான்ர தம்பி, வானும் வாடகைக்குச் சொல்லிப்போட்டார். எங்கட ஆக்கள் மட்டும் நாற்பத்தாறு வாக்கு. மாமியவையின்ர பக்கமும் வருகினம்."

மலருக்குப் போன் எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். மணி அடித்தது, ஆள் இல்லை. வேலைநேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். சிறிக்கு எடுத்தோம். அவனும் எடுக்கவில்லை. பரவாயில்லை, முடிவெடுப்பது வெள்ளிக்கிழமைதானே, போய்ச் சொல்கிறேன் என்று புறப்பட்டேன்.

நகர மையத்தில் இறங்கினால் நியூ லின் பக்கம் ரயில் இல்லை. தண்டவாள வேலையாம். பதிலுக்கு பஸ் விடுகிறார்களாம். எந்த பஸ், எங்கே நிற்கும்? மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் கையைக் காட்டினான். அங்கே போனேன். இன்னொரு மஞ்சள் சட்டைக்காரன் வந்த வழியைக் காட்டினான். கையில் வாழையிலைக் கட்டு. மழை. ஒரு பஸ்ஸில் ஏறினேன். பாலம் வந்தது, கீழே கடல். நியூ லின்னுக்குக் கடல் இல்லை என்பது எனக்குத் தெரியும். டிரைவர் ஒரு பஞ்சாபிக்காரர். "அம்மா, இது வடக்கே போகிறது. பேசாமல் இருங்கள், திரும்பி வரும்போது உங்களை நானே இறக்கிவிடுகிறேன்" என்றார். காசு வாங்கவில்லை. பிள்ளைகளின் படத்தைக் காட்டினார். எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

வீட்டுக்குப் போக இருட்டிவிட்டது. குசினியில் எல்லோரும் இருந்தார்கள். பாமா மட்டும் இல்லை. மலர் சீருடையோடு மேசையில் இருந்தாள். செந்தில் லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தான்.

"கரவெட்டி ஆக்கள் எங்கடதான்" என்றேன் வாசலில் வைத்தே. "அவைக்குத் துடக்கு. அதுதான் கோயில் மண்டபத்துக்கு வரேல்லை. ஞாயிறு வருகினம். நாற்பத்தாறு பேர். மேலையும் வருகினம்."

யோகராசா அண்ணை தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அக்கா, அனுப்பியாச்சு" என்றான் செந்தில்.

"என்னத்தை?"

"விலகல் கடிதம். தேர்தல் அதிகாரிக்கு. ஆறு மணிக்கு. குரூப்லயும் போட்டாச்சு."

"வெள்ளிக்கிழமை எண்டியள்."

"வெள்ளி வரை விட்டா இன்னும் கேவலமாயிடும்னு நெனச்சோம். மரியாதையா விலகினா உபதலைவர் குடுக்கிறேன்னு வரதன் சொன்னாரு."

நான் மலரைப் பார்த்தேன். "நீ ஏனடி ஓம் எண்டனி?"

"மூண்டு பேரும் மூண்டு நாளாய் ஒரே கதை அக்கா. எனக்கு அலுத்துப் போச்சு. நான் நிண்டால் அணி உடைஞ்சிடும் எண்டினம். சனம் சிரிக்குது எண்டினம்." அவள் அழவில்லை. "புதன்கிழமைச் சாப்பாட்டை வரதன் செய்யிறன் எண்டவர்."

"செய்யிறன் எண்டவரோ, பாப்பம் எண்டவரோ?"

சிறி தரையைப் பார்த்தான்.

"பாப்பம் எண்டவர்" என்றாள் மலர்.

வாழையிலைக் கட்டைக் கீழே போட்டேன். மலம் அள்ளி, எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்து, இரவில் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டவள். அவளைக் கதிரையில் இருந்து கதைக்கிறவர்கள் சேர்ந்து முடித்துவிட்டார்கள். வரதன் முடிக்கவில்லை. அவனுக்கு அந்த வேலையே வைக்கவில்லை.

வியாழன் காலை மலர் தேர்தல் அதிகாரிக்குப் போன் எடுத்தாள். மாணிக்கம் என்று ஒரு மலேசியத் தமிழர். சத்தத்தை எல்லோரும் கேட்கும்படி வைத்தாள்.

"அம்மா, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நீங்க எழுத்துல குடுத்துட்டீங்க. விதி இருக்கு லா. விலகினவங்க திரும்ப வர முடியாது. வாக்குச் சீட்டு அடிச்சாச்சு, அதுல உங்க பேரு இருக்கும். உங்க பேருக்குப் போடறது செல்லாதுன்னு அறிவிச்சிடுவேன்."

"அப்ப கூட்டத்தையே விடலாம்தானே?" என்றாள் மலர்.

"மண்டபம் எடுத்தாச்சு. நடத்தித்தான் ஆகணும் லா."

மத்தியானம் யோகராசா அண்ணையும் செந்திலும் வந்தார்கள். அடுத்த மாதம் எதிரணியோடு மோதுவதற்குத் திட்டம் போடவேண்டுமாம். வழக்கம்போலக் குசினிக்குள் வந்து பார்த்தார்கள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"என்ன தங்கச்சி, இண்டைக்குச் சமையல் இல்லையோ?"

"தேர்தல் முடிஞ்சுது எண்டு நீங்கள்தானே அண்ணை சொன்னீங்கள். சமையலும் முடிஞ்சுது."

"கோவத்தில கதைக்கிறியள். நாங்களும் மலரின்ர நன்மைக்குத்தான்..."

"அண்ணை, கோயில் மண்டபம் எடுத்தது ஆர்?"

"அது... அப்ப ஒருத்தருக்கும் யோசனை வரேல்லை."

"வராதது பிழையில்லை. எனக்கும் வரேல்லை. ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். ஏன் வரேல்லை எண்டு ஒரு கேள்வி. உலகம் முழுக்க எடுத்துக் கதைச்சியளே, அந்த வீட்டுக்கு மட்டும் எடுக்கேல்லை."

"செத்த வீட்டுக்கு எடுத்து வாக்குக் கேக்கிறது மரியாதையில்லை."

"அவை வரதனோட போயிட்டினம் எண்டு சொன்னது மரியாதையோ?"

செந்தில் மெதுவாக, "சாரிக்கா" என்றான். அவன் ஒருவன்தான் அதைச் சொன்னான். அதனால் அவனுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சீனி போடவில்லை.

சனிக்கிழமை மலரின் மகள் ஆரணி என்னை ஒரு மலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இந்த ஊரில் மலை எல்லாம் ஒரு காலத்தில் நெருப்புக் கக்கியவையாம். உச்சியில் கிண்ணம் மாதிரிப் பள்ளம், உள்ளே புல். மேலே நின்றால் இரண்டு பக்கமும் கடல். அழகுதான். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆரணி ஆங்கிலத்தில்தான் கதைப்பாள், நான் தமிழில்.

"அம்மாவுக்குக் கவலையா பெரியம்மா?"

"அவளுக்கு அலுப்பு."

"நான் சிறியவளாக இருந்தபோது அப்பா ஒரு வேலைக்கு விண்ணப்பித்தார். பதில் வருமுன்னே கிடைக்காது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கிடைத்தது. அப்போதும் பயந்தார்."

இறங்கும்போது காற்று என் சேலையை இழுத்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மலர் வரமாட்டேன் என்றாள். நான் சமைத்தேன். சோறு, பருப்பு, உறைந்த முருங்கைக்காயில் ஒரு குழம்பு, வற்றாளைக் கிழங்கில் ஒரு பிரட்டல். சமைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வந்த சனத்தைப் பட்டினி போட்டால் அதுவும் எங்கள் தலையில்தான் விழும். பாமா காரில் வந்து சட்டி பானைகளை ஏற்றினாள். கடைசி நேரத்தில் மலரும் ஏறினாள். வேலைக் காற்சட்டைதான் போட்டிருந்தாள். வேண்டுமென்று போட்டாள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் மாணிக்கம் மேசை போட்டு இருந்தார். பக்கத்தில் வரதன், கோட்டோடு. எங்கள் ஆட்களில் யோகராசா அண்ணை வரவில்லை. தலையிடியாம். சிறி கார் நிறுத்துமிடத்திலேயே நின்றுகொண்டான். எனக்கு வாக்கு இல்லை. பின்வரிசையில் இருந்தேன்.

வான்கள் வந்தன. ஒன்று, இன்னொன்று, பிறகு கார்கள். சுகந்தி முதலில் இறங்கினாள். பின்னால் அவள் சின்னையா, தலை மொட்டை, தாடி மழிக்காத முகம். வயது போனவர்கள் மூன்று பேர் சக்கரக் கதிரையில். அவர்களைக் கண்டதும் மலர் எழுந்துபோய் ஒரு கதிரையைப் பிடித்தாள். பழக்கம்.

மாணிக்கம் எழுந்து அறிவித்தார். மலர்விழி விலகிவிட்டார். சீட்டில் பெயர் இருக்கிறது. அதற்கு எதிரே குறி போட்டால் செல்லாது. அவருக்குச் சொல்ல விருப்பமில்லை, குரலில் தெரிந்தது.

சின்னையா மலரைப் பார்த்தார். "ஆரைக் கேட்டு விலகினனீர் பிள்ளை?"

மலர் சக்கரக் கதிரையைச் சுவரோரம் தள்ளி நிறுத்தினாள்.

"நாங்கள் துடக்குக் காத்தது பிழையோ?"

"இல்லை ஐயா."

"பிறகென்ன? எங்களுக்காக ஒரு கிழமை பொறுக்கேலாமல் போச்சுதோ?"

"ஏலாமல் போச்சு ஐயா" என்றாள் மலர்.

வரதன் எழுந்து வந்தான். "பெரியவர், மலரக்காவும் நாங்களும் ஒண்டுதான். அவதான் உபதலைவர். வாக்கை வீணாக்காதேங்கோ. ஒற்றுமையைக் காட்டுவம்."

"புதன்கிழமைச் சாப்பாடு திறப்பியளோ?" என்று சக்கரக் கதிரையில் இருந்த மனுசி கேட்டாள்.

"பாப்பம் அம்மா. கட்டாயம் பாப்பம்."

மனுசி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "தம்பி, நான் இன்னும் எத்தினை வருசம் பாக்கிறது?"

சிலர் சிரித்தார்கள். வரதன் திரும்பிப் போய் இருந்தான்.

சின்னையா மேசைக்குப் போனார். சீட்டை வாங்கினார். மாணிக்கம் மெதுவாக, "ஐயா, செல்லாது லா" என்றார். "தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் மறைப்புக்குப் பின்னால் போனார். பின்னால் சுகந்தி. பின்னால் அவள் மாமியார் பக்கம். தொடர்ந்து எங்களுக்கு யாரென்றே தெரியாத சனம். வரிசை கதவுக்கு வெளியே போய் மழையில் நின்றது. குடை இல்லை. ஒருவரும் கலையவில்லை.

வாக்குப் போட்டவர்களுக்கு நான் இலை போட்டுச் சோறு வைத்தேன். வரதனுக்கும் வைத்தேன். சாப்பிடும்போது ஒருவரும் அவனோடு கதைக்கவில்லை. மலர் வயது போனவர்களுக்கு முருங்கைக்காயைச் சதை வழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மணிக்குப் பெட்டியைத் திறந்தார்கள். மாணிக்கம் இரண்டு குவியலாகப் பிரித்தார். ஒரு குவியல் உயர்ந்துகொண்டே போனது. இரண்டு தரம் எண்ணினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு வாசித்தார்.

வரதன்: நாற்பத்தேழு.

செல்லாதவை: தொண்ணூற்றாறு.